பொருள்நோக்கு நிரலாக்கமும் செயற்கூறு நிரலாக்கமும்

பெரிய மென்பொருளை எந்த முறையில் எழுதினால் பல ஆண்டுகள் தாங்கும் என்று நிரலர்களிடையே நெடுநாளாக நடக்கும் விவாதம் இது. தரவையும் அதைக் கையாளும் செயல்களையும் ஒரே ‘பொருளுக்குள்’ அடைப்பது ஒரு முறை. இருக்கும் தரவைத் தொடாமல், அதிலிருந்து புதிய மதிப்பைக் கணித்துத் தரும் செயற்கூறுகளைக் கோப்பது மற்றது.

ஒரு வங்கிக் கணக்கில் 10,000 ரூபாய் இருக்கிறது. பொருள்நோக்கு நிரலில் 4,000 எடுத்ததும் இருப்பு அதே இடத்தில் 6,000 என்று அழித்தெழுதப்படும். ஒரே நொடியில் இரண்டு ஏடிஎம்களில் பணம் எடுத்து, இரண்டுமே 10,000 என்று படித்துவிட்டால் ஒரு கழித்தல் காணாமல் போகும். அதனால் பூட்டு தேவைப்படுகிறது. செயற்கூறு முறையில் எதையும் அழிப்பதில்லை. பேரேட்டில் வரி சேர்ந்துகொண்டே போகும், இருப்பை அதிலிருந்து கூட்டிப் பார்க்கலாம். எந்த வரி முந்தியது என்ற சிக்கல் அப்போதும் உண்டு. ஆனால் நிரல் முழுவதும் பரவாமல் ஓரிடத்தில் அடங்கும். விவாதத்தின் உயிர்நாடி இதுதான்.

இரண்டில் மூத்தது செயற்கூறு வழி. அலோன்சோ சர்ச் 1930களில் வகுத்த லாம்டா கணிதத்தின் குறியீட்டை எடுத்தாண்டு, ஜான் மெக்கார்த்தி 1958இல் எம்ஐடியில் லிஸ்ப் மொழியைத் தொடங்கினார். பொருள்நோக்கின் பிறப்பிடம் ஓஸ்லோ. அங்கே டாலும் நிகார்டும் உருவாக்கியது சிமுலா 67 மொழி. ஃபோர்ட்ரானைத் தந்த ஜான் பேக்கஸே 1977இல் டூரிங் விருது உரையில் செயற்கூறு முறைக்காக வாதாடினார். தொழில்துறையோ 1985இல் வெளிவந்த சி++, 1995இல் வந்த ஜாவா ஆகிய பொருள்நோக்கு மொழிகளின் பின்னால் போனது.

உண்மையான சோதனை ஸ்வீடனில் நடந்தது. தொலைத்தொடர்பு நிறுவனமான எரிக்சனின் ஆய்வகத்தில் ஜோ ஆம்ஸ்ட்ராங், ராபர்ட் விர்டிங், மைக் வில்லியம்ஸ் மூவரும் 1986 முதல் எர்லாங் என்ற செயற்கூறு மொழியை வளர்த்துவந்தனர். 1995 டிசம்பரில், சி++ கொண்டு எழுதப்பட்டுவந்த எரிக்சனின் ஏஎக்ஸ்இ-என் என்ற பெருந்திட்டம் சரிந்தது. பழியை முழுக்க மொழியின் தலையில் கட்டுவது நியாயமல்ல. பெருந்திட்டங்கள் சரியப் பல காரணங்கள் உண்டு. ஆனால் அடுத்து வந்த ஏஎக்ஸ்டி301 இணைப்பகத்தில் பத்து லட்சம் வரிகளுக்கு மேல் எர்லாங்கில் எழுதப்பட்டு, அது வெற்றியும் பெற்றது. அப்படியிருந்தும் 1998இல் எரிக்சனின் ஒரு பிரிவு புதிய தயாரிப்புகளில் எர்லாங்கைத் தடைசெய்தது. அதே ஆண்டு டிசம்பரில் மொழி திறந்த மூலமாக வெளியிடப்பட்டது. பிற்பாடு வாட்ஸ்அப் அதை நம்பித்தான் வளர்ந்தது. 2014இல் ஃபேஸ்புக் வாட்ஸ்அப்பை வாங்குவதாக அறிவித்தபோது அதன் பயனர்கள் சுமார் 45 கோடி.

அதே 2014இல் ஜாவா 8, செயற்கூறு முறையின் லாம்டாவைச் சேர்த்துக்கொண்டது. பாடநூல்களிலும் இரண்டும் உண்டு: தமிழ்நாட்டில் பிளஸ் ஒன் கணினி அறிவியல் மாணவர் சி++ வழியே பொருள்நோக்கைப் படித்து, பிளஸ் டூ பாடநூலைத் திறந்ததும் தூய செயற்கூறைச் சந்திக்கிறார்.

இரு முறைகளும் அவ்வளவு தொலைவில் இல்லை. எர்லாங்கில் ஒவ்வொரு செயலாக்கமும் தன் நிலையைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, மற்றவற்றோடு செய்தி அனுப்பி மட்டுமே பேசும். ஸ்மால்டாக் என்ற பொருள்நோக்கு மொழியை உருவாக்கிய ஆலன் கே, பொருள்நோக்கின் சாரம் என்று வலியுறுத்தியதும் செய்திப் பரிமாற்றத்தையே.