பத்திரம் ஒருவரிடம், ஏர் இன்னொருவரிடம்

டிவியில் காஸா செய்தி ஓடினால் போதும், எங்கள் ஆபீஸ் கேன்டீனில் யாராவது ஒருவர் ஆரம்பித்துவிடுவார்: "ரெண்டாயிரம் வருஷப் பகை சார் இது, தீரவே தீராது." நான் வெறும் பி.காம்., சரித்திரம் முறையாகப் படித்தவனில்லை. ஆனாலும் இதை ஒத்துக்கொள்ள முடிவதில்லை. 1492ல் ஸ்பெயின் துரத்திய யூதர்களுக்கு இடம் கொடுத்தது துருக்கி சுல்தான். சரிசமமாக நடத்தினார் என்று சொல்லவில்லை, தனி வரி இருந்தது. ஆனால் அன்றைய ஐரோப்பாவுக்கு அது எவ்வளவோ தேவலை.

இன்றைய சண்டையின் வேர்களில் ஒன்று, பாங்க்காரனான என் கண்ணுக்கு, நிலப் பத்திரத்தில் தெரிகிறது.

பாலஸ்தீனம் துருக்கியர் ஆட்சியில் இருந்தபோது, 1858ல் ஒரு நிலச்சட்டம் வந்தது. நிலத்தை அவரவர் பெயரில் பதிய வேண்டும். குடியானவனுக்குப் பயம். பெயர் கொடுத்தால் வரி வரும், பையனைப் பட்டாளத்துக்குப் பிடிப்பான். பல பேர் பதியவே இல்லை. சில இடங்களில் ஊர்ப் பெரிய மனிதர் பெயரில் எழுதிவிட்டார்கள். அரசாங்கமும் நிலங்களைப் பணக்காரர்களுக்கு விற்றது. பெய்ரூட்டிலிருந்த சுர்சுக் என்ற வியாபாரக் குடும்பம் 1870களில் ஜெஸ்ரீல் பள்ளத்தாக்கில் பெரும்பகுதியை வாங்கிப்போட்டது. உழுதவர்கள் வழக்கம்போல் உழுதுகொண்டிருந்தார்கள்.

நான் இருக்கும் நாக்பூர் பக்கம் விவசாயக் கடனுக்கு 'சாத்-பாரா' என்ற நகல் கேட்போம். உரிமையாளர் யார், நிலத்தில் என்ன பயிர் என்று இரண்டும் அதில் இருக்கும். ஒருமுறை நேரில் போனால் பத்திரக்காரர் நகரத்தில், உழுபவர் மூன்றாவது தலைமுறை. கடனை நிறுத்திவிட்டு வந்தேன். பாலஸ்தீனத்தில் நிறுத்த ஆளில்லை.

வாங்க வந்தவர்களும் சும்மா வரவில்லை. 1881ல் ஜார் மன்னர் கொல்லப்பட்ட பிறகு ரஷ்யாவில் யூதர்கள் வேட்டையாடப்பட்டார்கள். 1903ல் கிஷினேவில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். 1924ல் அமெரிக்காவும் கதவைச் சாத்தியது. போக இடமில்லாதவன் முழு விலை கொடுத்து, முறையாகப் பத்திரம் போட்டு வாங்கினான். இதைத் திருட்டு என்று எப்படிச் சொல்வது?

ஆனால் 1901ல் தொடங்கிய யூத தேசிய நிதியின் விதி ஒன்று உண்டு. வாங்கிய நிலத்தை மறுபடி விற்கக்கூடாது. குத்தகை யூதர்களுக்கு மட்டுமே. சுர்சுக் குடும்பம் 1920களில் அந்தப் பள்ளத்தாக்கை விற்றபோது குடியானவர்களுக்குக் கொஞ்சம் இழப்பீடு கிடைத்தது, ஊர் போயிற்று. முதலாளி மாறினாலும் குத்தகைக்காரன் இருப்பான் என்ற பழைய வழக்கம் அங்கே முடிந்தது.

1929 கலவரத்துக்குப் பின் விசாரிக்க வந்தவர்களில் ஒருவர் ஹோப் சிம்ப்ஸன், இந்தியாவில் ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்தவர். நம்மூர் குத்தகை விவகாரம் தெரிந்த மனுஷர். 1930 அறிக்கையில் இந்த விதியைத்தான் பிடித்துக்கொண்டார்: அந்த நிலத்தில் அராபியன் இனி குத்தகைக்கும் வரமுடியாது, கூலிக்கும் வரமுடியாது. அதையொட்டி வந்த வெள்ளை அறிக்கையை 1931ல் பிரதமர் மக்டொனால்டே ஒரு கடிதம் எழுதி நீர்த்துப்போகச் செய்தார்.

பத்திரத்தோடு கதை முடியவில்லைதான். 1917ல் பால்ஃபர் கொடுத்த வாக்கு, 1933ல் ஹிட்லர், எல்லாம் சேர்ந்தது. 1947ல் யூதர்கள் கையிலிருந்த நிலம் நூற்றுக்கு ஏழுகூட இல்லை. மீதியைத் தீர்மானித்தது யுத்தம். 1948ல் ஏழு லட்சம் பாலஸ்தீனியர்கள் வீடிழந்தார்கள். 1951ல் ஈராக், நாட்டைவிட்டுப் போன யூதர்களின் சொத்தை முடக்கியது, பாங்க் கணக்கு உட்பட. லெபனான் முகாம்களில் பழைய வீட்டுச் சாவியையும் பத்திரத்தையும் இன்னும் பெட்டியில் வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு.