சைதாப்பேட்டையும் சப்பாத்திக்கள்ளியும்

சப்பாத்திக்கள்ளின்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? காட்டு வேலி, முள்ளு, அப்புறம் அந்தச் சிவப்புப் பழத்தைத் தின்னுட்டு நாக்கு கலராகி வீட்ல மாட்டிக்கிட்டது. ஆனா அது நம்மூர்ச் செடி இல்லைங்க. சதுரக்கள்ளியெல்லாம் நம்மூரு, அது வேற குடும்பம். சப்பாத்திக்கள்ளிக்குப் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம்.

18-ஆம் நூற்றாண்டுல நல்ல சிவப்புச் சாயம்னா கோச்சினீல்தான். மெக்சிகோவுல சப்பாத்திக்கள்ளி மேல ஒட்டி வாழற ஒரு குட்டிப் பூச்சியைக் காயவச்சு எடுக்கறது. ஒரு பவுண்டு எடைக்குச் சுமார் 70,000 பூச்சி வேணும்! வியாபாரம் மொத்தமும் ஸ்பெயின் கையில. பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிங்களோட சிவப்புக் கோட்டுக்கும் இதே சாயம்தான். எதிரி நாட்டுக்காரன்கிட்ட காசு கொடுத்து யூனிஃபார்முக்குச் சாயம் வாங்கறது யாருக்குத்தான் பிடிக்கும்?

இங்கதான் மதராஸ் வருது. கம்பெனியோட டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் 1786-ல, சிவப்பா சாயம் விடற பூச்சி ஒண்ணை இங்கயே பார்த்துட்டேன்னு லண்டன்ல இருந்த ஜோசப் பேங்க்ஸுக்குக் கடுதாசி மேல கடுதாசி போட்டார். அது அசல் இல்லைன்னு தெரிஞ்சும் மனுஷன் விடலை. சைதாப்பேட்டையில கள்ளிக்குன்னே தனியா ஒரு தோட்டம் ரெடியாச்சு. கியூ தோட்டத்துலேருந்துகூட செடி வந்தது. நம்ம பாஷையில சொன்னா, சர்வர் ரெடி, சாஃப்ட்வேர்தான் இன்னும் வரலை.

1795-ல வந்தது. கேப்டன் நீல்சன்னு ஒருத்தர் ரியோ டி ஜெனிரோவுல கப்பலை நிறுத்தினப்போ, பூச்சியோட கள்ளியை ஏத்திக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். அங்கேருந்து மதராஸுக்கும் அனுப்பினாங்க. எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். ஆனா அது தப்பான பூச்சி! மெக்சிகோக்காரன் வளர்க்கறது வேற இனம், இது காட்டு இனம். சாயம் மட்டமா இருந்தது, வியாபாரம் படுத்துடுச்சு. (இந்தத் தென் அமெரிக்கப் பூச்சிக்குப் பின்னாடி வச்ச அறிவியல் பேரு 'சிலோனிக்கஸ்'. இலங்கைக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கறீங்களா? கொஞ்சம் பொறுங்க.)

சாயம்தான் கொடுக்கலையே தவிர, பூச்சி நல்லா சாப்பிட்டுச்சு. அதுக்கு முன்னாடியே இங்க வந்து வேலியில, தரிசுல பரவியிருந்த ஒரு சப்பாத்திக்கள்ளி இனத்தை வட இந்தியாவுல கிட்டத்தட்ட காலி பண்ணிடுச்சு. யாரோ இதைக் கவனிச்சிருக்காங்க. 1836-38-ல அதே பூச்சியை, கள்ளியை அழிக்கணும்னே தெற்கே கொண்டுவந்து விட்டாங்க. 1860-கள்ல இங்கேருந்து இலங்கைக்கும் போச்சு. பூச்சியை விட்டுக் களையை ஒழிக்கறதுல உலகத்துலயே முதல் முயற்சி இதுதான்னு சொல்றாங்க. பக்கையே ஃபீச்சர்னு கஸ்டமருக்கு வித்த முதல் கம்பெனி நம்ம கிழக்கிந்தியக் கம்பெனியாத்தான் இருக்கும் :-)

ஆனா கதை முடியலை. பூச்சிக்கு நாக்கு ரொம்பக் கறார். அந்த ஒரு இனத்தைத்தான் முழுசா தின்னும். இன்னொரு சப்பாத்திக்கள்ளி, நாம பழம் பறிச்சுத் தின்னோமே அது, பக்கத்துலயே இருந்தும் தொடலை. அது தென்னிந்தியாவுல மேய்ச்சல் நிலம், வயல் ஓரம்னு மண்டிப்போச்சு. மறுபடியும் பூச்சிதான் கைகொடுத்தது. இந்தத் தடவை வேற இனம். ஆஸ்திரேலியாவுலேருந்து 1924-ல இலங்கைக்கு, அங்கேருந்து 1926-ல இங்க. அஞ்சாறு வருஷத்துல சுமார் 40,000 ஹெக்டேர் சுத்தமாச்சுன்னு கணக்கு. கடலோர மணல்ல இன்னைக்கும் அங்கங்க நிக்குது.

இதைப் படிச்சப்போ எனக்கும் பிரமாதம்னுதான் தோணுச்சு, மொராக்கோ கதை கண்ணுல படற வரைக்கும். 1926-ல நமக்கு உதவின அதே இனம் 2014-ல அந்த நாட்டுக்குள்ள நுழைஞ்சது. அங்க சப்பாத்திக்கள்ளி களை இல்லைங்க. ஏழை விவசாயி பழத்துக்கும், ஆடுமாட்டுத் தீவனத்துக்கும், வேலிக்கும் ஆசையா வளர்க்கற செடி. தோட்டம் தோட்டமா அழிஞ்சது. பூச்சிக்கு ரெண்டு ஊரும் ஒண்ணுதானே.

அடுத்த தடவை ஈசிஆர் பக்கம் போனா, சப்பாத்திக்கள்ளி மேல வெள்ளையா பஞ்சு மாதிரி ஏதாவது ஒட்டியிருக்கான்னு பாருங்க. இருந்தா ஒரு குச்சியால லேசா நசுக்குங்க. குச்சி முனையில சிவப்பு தெரிஞ்சா பின்னூட்டத்துல சொல்லுங்க.