மருந்தோடு வந்தவர்கள்

எங்கள் ஊர்ப்பக்கத்தில் வயதுபோன அம்மாமாரிடம் எங்கே பிறந்தீர்கள் என்று கேட்டால், பலர் "நான் இணுவிலிலை பிறந்தனான்" என்பார்கள். அவர்கள் சொல்வது இணுவில் ஊரை அல்ல, இணுவில் ஆஸ்பத்திரியை. சங்கத்தின் நூற்றாண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று மலர்க்குழுவினர் கேட்டபோது, எங்கள் வகுப்பிலிருந்து வைத்தியத்துறைக்குப் போன எங்களுக்கு முதலில் நினைவில் வந்தது இந்தப் பேச்சுத்தான். கல்லூரியின் கட்டடங்களையும் அதிபர்களையும் பற்றி எழுதத் தகுந்தவர்கள் வேறு இருக்கிறார்கள். நாங்கள் எழுத விரும்புவது, கடல் கடந்து இங்கே வந்து ஏழை எளியவரின் நோய்க்கு மருந்தும் பிள்ளைகளுக்கு எழுத்தும் கொடுத்த மிஷன் பணி பற்றியது. அது நமக்கு எதைத் தந்தது, எதைக் கேட்டது என்பது பற்றியது.

அமெரிக்க மிஷனரிமார் 1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்தார்கள். தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, பண்டத்தரிப்பு, உடுவில், மானிப்பாய் என்று போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் விட்டுப்போன பழைய கோவில் வளவுகளில் குடியேறினார்கள். ஆங்கில அரசாங்கம் அவர்களைக் குடாநாட்டுக்குள்ளேயே வைத்திருக்க விரும்பியது. 1820இலிருந்து 1833 வரை புதியவர்கள் வரவும் அனுமதி கிடைக்கவில்லை. ஆகவே இருந்த சிலர் இருந்த இடத்திலேயே ஆழமாகத் தோண்டினார்கள். 1820இல் பண்டத்தரிப்பில் மருந்து கொடுக்கத் தொடங்கிய ஜோன் ஸ்கடர், அமெரிக்காவிலிருந்து வெளிநாட்டுக்குப் போன முதலாவது வைத்திய மிஷனரி. வேலூரில் பெண்களுக்கான மருத்துவக் கல்லூரியை உருவாக்கிய ஐடா ஸ்கடர் அவருடைய பேத்தி.

1824இல் ஹரியற் வின்சிலோ அம்மையார் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார். பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று கேட்ட காலம். ஒரு மழை இரவில் வீடு திரும்ப முடியாத சிறுமி மிஷன் வீட்டில் சாப்பிட்டுவிட்டாள், சாதி கெட்டுப்போனவளை நீங்களே வைத்திருங்கள் என்று தகப்பன் விட்டுவிட்டுப் போனார் என்று ஒரு கதை வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அதை நாங்கள் சிறுவயதில் சிரித்துக்கொண்டு கேட்டிருக்கிறோம். இன்று நாங்களும் தாய்மார். அந்தப் பிள்ளை அன்றிரவு என்ன நினைத்திருப்பாள் என்றுதான் இப்போது யோசனை போகிறது.

இங்கே ஒன்றை மறைக்காமற் சொல்ல வேண்டும். மிஷனரிமார் ஆத்துமாக்களைத் தேடி வந்தவர்கள். பாடசாலையும் மருந்தும் அதற்கான வழி. அவர்களும் அதை ஒளிக்கவில்லை. மருந்துக்குக் காத்திருந்த நோயாளருக்குப் பிரசங்கம் நடந்தது. விடுதிப் பிள்ளையின் செலவுக்கு அமெரிக்காவிலிருந்து பணம் அனுப்பியவரின் பெயரையோ அவர் விரும்பிய பெயரையோ அந்தப் பிள்ளைக்கு வைத்தார்கள். உடுவிலிற் படித்த பெண் கிறிஸ்தவரை மணந்தால் மிஷனே சீதனம் கொடுத்த காலமும் இருந்தது. இதற்கெல்லாம் எதிர்வினை எழாமல் இருக்குமா? ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப் பாடசாலையைத் தொடங்கியது 1848இல். அங்கிருந்து புறப்பட்ட போட்டியின் பயனாக இரு பக்கத்துப் பிள்ளைகளும் படித்தார்கள். சைவப் பெண்பிள்ளைகளுக்கு இராமநாதன் கல்லூரி வந்தது 1913இல் என்பதையும் சேர்த்து நினைத்தால், நம் பூட்டிமார் எவ்வளவு காலம் காத்திருந்தார்கள் என்பது விளங்கும்.

அதே 1848இல்தான் மானிப்பாயில் டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் வைத்தியம் கற்பிக்கத் தொடங்கினார். அப்போது அவர் இருபதுகளின் நடுவில் இருந்தார். வந்த சில மாதங்களிலேயே, தான் ஒருவனே எத்தனை பேருக்கு மருந்து கொடுத்தாலும் போதாது, இந்த மண்ணின் பிள்ளைகளை வைத்தியராக்க வேண்டும் என்று கண்டுகொண்டார். முதலில் ஆங்கிலத்திற் கற்பித்தார். ஆங்கிலம் படித்தவர்கள் அரசாங்க உத்தியோகத்துக்குப் போய்விட, கிராமம் பழையபடியே கிடந்தது. ஆகவே 1864இலிருந்து தமிழிலேயே கற்பித்தார். கற்பிக்கப் புத்தகம் இல்லை என்றதும் ஆக்கத் தொடங்கினார்: பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம், கெமிஸ்தம். டன்போர்த், சப்மன் முதலிய அவருடைய மாணவர்கள் மொழிபெயர்ப்பில் தோள்கொடுத்தார்கள். பெயரைப் பார்த்து ஆங்கிலேயர் என்று எண்ணிவிட வேண்டாம். அமெரிக்கப் பெயர் சுமந்த யாழ்ப்பாணத் தமிழர்கள் அவர்கள்.

அவரிடம் 60இற்கு மேற்பட்டவர்கள் வைத்தியம் கற்றார்கள். அவர்களிற் பாதியளவினர் தமிழிற் கற்றவர்கள். தம் மாணவர்கள் வேட்டியை விட்டுக் காற்சட்டைக்கும் மேசைச் சாப்பாட்டுக்கும் மாறுவதை அவர் விரும்பவில்லை. கிறிஸ்தவர் ஆகலாம், அமெரிக்கர் ஆக வேண்டியதில்லை என்பது அவருடைய நிலைப்பாடு. உடல்நலம் குன்றி 1873இல் ஊர் திரும்பிய பிறகும் மசாச்சூசெற்ஸில் இருந்தபடியே தமிழ்ப் புத்தக வேலையைத் தொடர்ந்தார். 1884இல் மறைந்தார். தம் கல்லறையில், தமிழருக்கு வைத்திய ஊழியம் செய்தவர் என்று எழுதும்படி கேட்டிருந்தார். அப்படியே எழுதினார்கள்.

எங்கள் வகுப்பு 1995 இடப்பெயர்வில் புத்தகங்களை உரப்பையில் கட்டிக்கொண்டு தென்மராட்சிக்கு நடந்த வகுப்பு. கொட்டிலுக்குள் இருந்து உயிரியலைத் தமிழிற் படித்து, பல்கலைக்கழகம் போன முதல் மாதத்தில் ஆங்கில உடற்கூற்றியற் புத்தகத்தின் முன் அழுதவர்கள் எங்களில் உண்டு. பல வருடங்களின் பின் 'மனுஷ அங்காதிபாத'த்தின் பழைய பிரதி ஒன்றைப் புரட்டியபோது எங்களுக்குப் பெருமையை விடக் கோபமே முந்தி வந்தது. கொழும்பில் 1870இல் ஆங்கிலத்தில் வைத்தியக் கல்லூரி தொடங்கியது. கிறீன் போன சில ஆண்டுகளில் மானிப்பாய் வகுப்புகள் நின்றுபோயின. அந்தப் பாதை தொடர்ந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நாம் வாதாடிக்கொண்டே இருக்கலாம். ஆனால் இன்றும் வார்டிலே நோயாளியின் கட்டிலடியில் நின்று அவருடைய நோயைப் பற்றி அவருக்கு விளங்காத மொழியிற் பேசுகிறவர்கள் நாங்கள்தான்.

பிரசவ வைத்தியத்தைத் தமிழில் எழுதினாலும், பிள்ளைப்பேற்றறைக்குள் ஆண் வைத்தியரை விடுகிற வீடுகள் மிகக் குறைவு. மேரி லீச், மார்கிரட் லீச் என்ற சகோதரிகள் 1880இல் அமெரிக்காவின் வெர்மொன்ற்றிலிருந்து வந்தார்கள். வீடுவீடாகப் போய்ப் பெண்களோடு பேசியவர்கள். பெண்களுக்கு ஒரு வைத்தியசாலை, அதிலே பெண் வைத்தியர்கள் என்று அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் கூட்டம் கூட்டமாய்ப் பேசிப் பணம் சேர்த்தார்கள். அதன் பலன் 1898இல் திறக்கப்பட்ட இணுவில் மக்லியொட் ஆஸ்பத்திரி. அங்கே டொக்டர் இசபெல்லா கர் நீண்ட காலம் பணியாற்றினார்.

அந்த ஆஸ்பத்திரிக்கென்று தெரிவான இன்னொரு பெண் வைத்தியரும் இருந்தார். கனடாவைச் சேர்ந்த மேரி ஏர்வின், ரொறன்ரோவிலே வைத்தியம் படித்தவர். வரும் வழியில், 1896இல் நியூயோர்க்கில், இரத்தினம் என்ற இலங்கைத் தமிழரை மணந்தார். மணமகனும் கிறிஸ்தவரே. ஆனாலும் மிஷன் மேரியைத் தன் பணியில் வைத்துக்கொள்ளவில்லை. தமிழருக்கு மருந்து கொடுக்க அனுப்பப்பட்ட பெண் தமிழரையே மணந்தது அவர்களுக்குப் பொறுக்கவில்லை என்றே நாங்கள் வாசிக்கிறோம். நாகரிகமாக வாசிக்க வேறு வழி தெரியவில்லை. அவர் கொழும்பில் வைத்தியராக இருந்து, பெண்களின் வாக்குரிமைக்காக உழைத்து, 1930இல் லங்கா மகிலா சமிதியைத் தொடங்கினார். 1937இல் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவான முதற் பெண்ணும் அவரே. 1958இல் மக்சேசே விருது பெற்றார். மிஷன் இழந்தவரை நாடு பெற்றுக்கொண்டது.

ரொறன்ரோ என்று எழுதும்போது கை சற்று நிற்கிறது. இன்று நம் சங்கத்தின் பெரிய கிளைகள் அங்கேயும் லண்டனிலும் மெல்பேணிலும் இருக்கின்றன. கடல் கடந்து பணம் சேர்ப்பவர்களும், பிள்ளையின் படத்தைப் பார்த்துச் செலவைப் பொறுப்பெடுப்பவர்களும் இப்போது நாமே. பிள்ளைக்கு நம் பெயரை வைப்பதில்லை. கதிரைக்கும் கிணற்றுக்கும் வைக்கிறோம்.

யுத்தம் முடிந்து சில வருடங்களின் பின், வகுப்புத் தோழிகள் சிலர் சேர்ந்து வன்னியில் மீள்குடியேறிய கிராமம் ஒன்றில் ஒருநாள் மருத்துவ முகாம் நடத்தினோம். வெளிநாட்டிலிருந்து தோழிகள் விடுமுறையில் வந்து நின்றார்கள். ஓலைக் கொட்டிலுக்குள் நூற்றுக்கு மேற்பட்டவர்களுக்கு இரத்த அழுத்தம் பார்த்தோம், ஒரு மாதத்துக்குரிய குளிசை கொடுத்தோம், சேர்ந்து நின்று படம் எடுத்தோம். புறப்படும்போது ஒரு ஆச்சி வாகனத்தடிக்கு வந்து, "பிள்ளையள், அடுத்த மாசக் குளிசைக்கு எப்ப வருவியள்?" என்று கேட்டா. எங்களில் ஒருத்தி "வருவம் ஆச்சி" என்றாள். நாங்கள் போகவில்லை. ஒருத்திக்கு லீவு முடிந்தது, ஒருத்திக்குப் பரீட்சை, ஒருத்திக்குக் குழந்தை. அழுத்தக் குளிசையைத் திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்று மாணவர்களுக்குக் கற்பிப்பவர்கள் நாங்கள்.

மிஷனரிமாரின் நோக்கத்தோடு நமக்கு உடன்பாடு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நம் சங்கத்தில் இரண்டு வகையினரும் உண்டு. அது நம் கல்லூரியின் அழகு. ஆனால் டொக்டர் கர் அடுத்த மாதமும் இணுவிலில் இருந்தார். கிறீன் போன பிறகும் அவர் பழக்கியவர்கள் ஊரில் இருந்தார்கள்.

இந்த ஆண்டு நூற்றாண்டு நிதிக்கு வந்த யோசனைகளில் மூன்று ஒருநாள் முகாம்களும் உள்ளன. அந்தப் பணத்தை அதே கிராமத்துப் பெண்பிள்ளைகள் இருவர் தாதியாகவோ குடும்பநல உத்தியோகத்தராகவோ வரும்வரை, உயர்தர வகுப்பிலிருந்து பயிற்சி முடியும்வரை, தங்குமிடத்துக்கும் போக்குவரவுக்கும் கொடுக்கலாம் என்பது எங்கள் வேண்டுகோள். பெயர்ப்பலகை வேண்டாம். ஆச்சியை விசாரித்துப் பார்த்தோம். இப்போது மகளோடு பக்கத்து ஊரில் இருக்கிறாவாம். மாதாந்தக் கிளினிக்குக்கு இரண்டு பஸ் மாறிப் போகிறாவாம்.