போரில் வீழ்ந்தோர்: நாளும் பெயரும்

போரில் பெற்ற வெற்றியை ஆண்டுதோறும் கொண்டாடுவது உலகெங்கும் உள்ள வழக்கம். அப்போரில் மடிந்தவர்களை நினைப்பதற்கென ஒரு நாளை ஒதுக்குவது வேறு வகையான செயல். கொண்டாட்டத்தில் நாடு முன்நிற்கும். நினைவுகூர்தலில் இறந்தவன் முன்நிற்க வேண்டும். இவ்விரண்டில் எது மேலோங்குகிறது என்பதை ஒவ்வொரு நாட்டின் நினைவு நாளும் வெளிப்படுத்திவிடுகிறது. அதனை அறிய ஒரு வினா போதும்: அந்நாளில் யாருடைய பெயர் சொல்லப்படுகிறது, யாருடைய பெயர் விடப்படுகிறது?

பழைய வழக்கம்

வீழ்ந்த வீரர் அனைவரையும் அரசே ஒருசேர நினைத்தமைக்குப் பழமையான சான்றுகளுள் ஒன்று கிரேக்கத்தில் கிடைக்கிறது. பெலொப்பனேசியப் போரின் முதலாண்டில் இறந்தோர்க்கு, கி.மு. 431ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஏதென்ஸ் நகரம் எடுத்த பொது ஈமச்சடங்கை வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் விரித்துரைக்கிறார். அந்நகரக் குடிமக்கள் பத்துக் குலங்களாகப் பகுக்கப்பட்டிருந்தனர். குலத்திற்கு ஒன்றாகச் சைப்ரஸ் மரப்பேழைகளில் எலும்புகள் வைக்கப்பட்டன. உடல் கிடைக்காதவர்களுக்காக, விரிப்பு விரித்த வெற்றுக் கட்டில் ஒன்றும் ஊர்வலத்தில் சுமந்து செல்லப்பட்டது. பெரிக்கிளீஸ் புகழ்பெற்ற தம் உரையை நிகழ்த்தியது இச்சடங்கில்தான். இறந்தோரின் பெயர்களைக் குலவாரியாகக் கல்லில் பொறிப்பதும் அந்நகரின் வழக்கமாக இருந்தது.

பிற்கால ஐரோப்பாவில் இவ்வழக்கம் தொடரவில்லை. பல நூற்றாண்டுகள் தளபதிக்குச் சிலையும் படைவீரனுக்குப் பொதுக்குழியுமே கிடைத்தன. கூலிப்படையின் இடத்திற்குக் குடிமக்கள் படை வந்த பிறகே எளிய வீரனின் சாவு நாட்டின் துயரமாயிற்று.

அமெரிக்காவின் மலர் நாள்

அமெரிக்க உள்நாட்டுப் போர் (1861-65) ஆறு லட்சத்திற்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. வீழ்ந்தோர் கல்லறைகளில் மலர் தூவ 1868 மே 30ஆம் நாளைக் குறித்து அறிவித்தவர், வடபகுதிப் படையின் முன்னாள் தளபதி ஜான் லோகன். அந்நாளே வளர்ந்து, 1971 முதல் மே மாதத்தின் கடைசித் திங்கட்கிழமைக்கு மாற்றப்பட்டு, அந்நாட்டின் தேசிய விடுமுறையாக விளங்குகிறது.

ஆயின், லோகனுக்கு மூன்று ஆண்டுகள் முன்னரே இச்செயலைச் செய்தோர் உண்டு. தென்கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் குதிரைப் பந்தயத் திடலொன்று போர்க்கைதிகளின் சிறையாக்கப்பட்டிருந்தது. அங்கு மாண்ட வடபகுதி வீரர் இருநூற்று ஐம்பதுக்கும் மேற்பட்டோர் பெருங்குழியில் புதைக்கப்பட்டனர். போர் முடிந்ததும், அடிமைத்தளையிலிருந்து அப்போதுதான் விடுபட்ட கறுப்பின மக்கள் அவ்வுடல்களைத் தோண்டியெடுத்து, வரிசை வரிசையாக முறைப்படி அடக்கம் செய்து வேலியும் இட்டனர். 1865 மே 1ஆம் நாள் ஆயிரக்கணக்கானோர் மலர்களுடன் அங்குத் திரண்டனர். 1990களில் டேவிட் பிளைட் என்னும் வரலாற்றாசிரியர் ஆவணங்களிலிருந்து வெளிக்கொணரும் வரை இந்நிகழ்ச்சியைப் பெரும்பாலோர் அறியவில்லை. இறந்தோர் மறக்கப்படுவதைப் போலவே, அவர்களை முதலில் நினைத்தோரும் மறக்கப்படுவதுண்டு.

வெறுங்கல்லறை

1918 நவம்பர் 11ஆம் நாள் காலை 11 மணிக்கு மேற்குப் போர்முனையில் பீரங்கிகள் ஓய்ந்தன. அடுத்த ஆண்டு அதே நாளில், அதே வேளையில், ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வேண்டுகோளை ஏற்றுப் பிரிட்டன் முழுவதும் இரண்டு நிமிடம் மௌனம் காத்தது. வெளிநாட்டில் இறந்த வீரர்களின் உடல்களைத் தாயகம் கொணர்வதில்லை என்பது பிரிட்டனின் முடிவு. எனவே, சென்று அழுவதற்குத் தாய்மார்களுக்குக் கல்லறை இல்லை. 1919 ஜூலையில் வெற்றி அணிவகுப்புக்கெனக் கட்டடக்கலைஞர் லட்யன்ஸ், இலண்டனில் மரத்தாலும் சாந்தாலும் ஒரு வெறுங்கல்லறையைத் தற்காலிகமாக எழுப்பினார். மக்கள் அதன் அடியில் மலர்களைக் குவித்தனர். அரசு எதிர்பாராத இத்துயர்ப் பெருக்கே 1920இல் அதனைக் கல்லில் நிலைபெறச் செய்தது. அதே ஆண்டு நவம்பர் 11இல் பெயர் தெரியாத வீரன் ஒருவனின் உடல் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. ஏதென்ஸின் வெற்றுக் கட்டில் ஆற்றிய பணியையே இவையும் ஆற்றின. மகனை இழந்த எந்தத் தாயும் அவ்வீரனைத் தன் மகன் என எண்ணிக்கொள்ள இடமிருந்தது. பிரான்சில் 1922 முதல் நவம்பர் 11 பொது விடுமுறை. பிரிட்டனிலோ விடுமுறை இல்லை, நவம்பரின் இரண்டாம் ஞாயிறே பெருநினைவு நாள்.

ஒரே களம் இரு நாடுகளில் இரு நாளாவதும் உண்டு. 1915 ஏப்ரல் 25இல் கலிப்பொலிக் கரையில் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகள் இறங்கின. படையெடுப்பு தோல்வியில் முடிந்தது. ஆயினும் அந்நாளே அவ்விரு நாடுகளிலும் தேசிய விடுமுறை. விடியலுக்கு முன் மக்கள் கூடி நிற்பர். துருக்கியோ, எதிரிக் கப்பல்களைத் தடுத்து நிறுத்திய மார்ச் 18ஆம் நாளைத் தன் வீரர் நினைவு நாளாகக் கொண்டது. அக்களத்தில் இந்தியப் படையினரும் போரிட்டு மாண்டனர். இவ்விரு நாட்களிலும் அவர்களுக்குரிய இடம் சிறிதே.

தோற்றோரின் துயரம்

தோற்ற நாடு தன் வீரர்களை எவ்வாறு நினைப்பது? முதல் உலகப்போருக்குப் பின் ஜெர்மனியில் மக்கள் துயர்கூரும் நாள் ஒன்று தோன்றியது. 1934இல் நாஜிகள் அதனை வீரவழிபாட்டு நாளாக மாற்றினர். அரைக்கம்பத்தில் நின்ற கொடி உச்சிக்கு ஏற்றப்பட்டது. இரண்டாம் உலகப்போருக்குப் பின், 1952 முதல் மேற்கு ஜெர்மனியில் அந்நாள் நவம்பருக்கு மாற்றப்பட்டுப் போருக்கும் கொடுங்கோன்மைக்கும் பலியானோர் அனைவருக்கும் உரியதாயிற்று. பெர்லினிலுள்ள நினைவிடத்தில் 1993 முதல் வீற்றிருப்பது வீரனின் உருவன்று. இறந்த மகனை மடியில் தாங்கிய தாயின் உருவம். அதன் மூலச்சிற்பத்தை வடித்த கேத்தே கோல்விட்ஸ், தம் மகன் பீட்டரை 1914 அக்டோபரில் போரில் பறிகொடுத்தவர்.

ஜப்பானில் பெயர்களே பூசலுக்குக் காரணமாயின. டோக்கியோவின் யசுகுனிக் கோவிலில் போரில் இறந்த ஏறத்தாழ 25 லட்சம் பேரின் பெயர்கள் வழிபடப்படுகின்றன. 1978இல் முதல்நிலைப் போர்க்குற்றவாளிகள் பதினால்வரின் பெயர்களும் அங்குச் சேர்க்கப்பட்டன. ஆகஸ்ட் 15இல் தலைவர்கள் அங்குச் செல்லும்போதெல்லாம் சீனாவும் கொரியாவும் கண்டிக்கின்றன. இதற்கு நேர்மாறான வழியை ஒகினாவாத் தீவு காட்டியது. 1945இல் அங்கு நடந்த போர் ஓய்ந்ததாகக் கொள்ளப்படும் ஜூன் 23 அத்தீவினரின் விடுமுறை நாள். 1995இல் அந்நாளில் திறக்கப்பட்ட கற்சுவர்களில் 2,40,000க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. தீவு மக்கள், ஜப்பானிய வீரர், அமெரிக்க வீரர், கொரியர் எனப் பகை நட்பு, படை குடி என்னும் பாகுபாடின்றி அவை பொறிக்கப்பட்டுள்ளன. புதிதாகக் கண்டறியப்படும் பெயர்களும் சேர்க்கப்பட்டு வருகின்றன.

எண்ணாகிய மனிதர்

பிரிட்டன் 1917இல் அமைத்த பேரரசுப் போர்க்கல்லறை ஆணையம், பதவி, இனம், சமயம் ஆகிய வேறுபாடு இன்றி இறந்தோர் அனைவரையும் பெயர் சொல்லி நினைப்பதாக உறுதி பூண்டது. பெல்ஜியத்தின் மெனின் வாயிலில் 1927இல் 54,000க்கும் மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டன. அங்கு ஒவ்வொரு மாலையும் 8 மணிக்கு ஊதுகொம்பு ஒலிக்கிறது. இரண்டு ஆண்டுகள் கழித்து ஈராக்கின் பஸ்ராவில் மற்றொரு நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது. அதிலோ இந்திய அதிகாரிகளின் பெயர்களே இடம்பெற்றன. ஏனைய இந்திய வீரர் படைப்பிரிவுவாரியாக எண்ணிக்கையாக மட்டுமே குறிக்கப்பெற்றனர். ஆணையம் 2021 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கை, ஆசிய, ஆப்பிரிக்க வீரர்களுள் குறைந்தது 1,16,000 பேர் பெயரின்றியோ, நினைவுச்சின்னமே இன்றியோ விடப்பட்டதை ஒப்புக்கொண்டது. பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார்.

முதல் உலகப்போரில் மாண்ட இந்தியர் 74,000க்கும் மேற்பட்டோர். மெசப்பொட்டேமியக் களத்தில் மதராஸ் சாப்பர்ஸ் படையினரும் பணியாற்றினர். தில்லி இந்தியா வாயிலில் 13,000க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. விடுதலைக்குப் பின் வீழ்ந்தோரின் பெயர்களைத் தாங்கிய தேசியப் போர் நினைவகம் 2019இல் திறக்கப்பட்டது. குடியரசு நாள் அணிவகுப்புக்கு முன் தலைமை அமைச்சர் மலர்வளையம் வைப்பது 2020 முதல் அங்குதான்.

தமிழகத்துச் சிற்றூர்கள் பலவற்றிலும் அப்பெரும்போரின் நினைவாகக் கற்கள் பதிக்கப்பட்டன. இவ்வூரிலிருந்து போருக்குச் சென்றோர் இத்தனை பேர், உயிர் துறந்தோர் இத்தனை பேர் என்பதே அவற்றின் செய்தி. பெயர் இல்லை. இந்நிலத்தின் பழைய மரபோ இதற்கு மாறானது. நடுகல்லில் வீரனின் பெயரும் பெருமையும் எழுதப்பட்டதைச் சங்கப்பாடல்கள் கூறுகின்றன. தேனி மாவட்டப் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டறியப்பட்ட நடுகல், ஆநிரை கவர்ந்த பூசலில் மாண்ட அந்தவன் என்பவனின் பெயரைத் தமிழ்ப் பிராமி எழுத்தில் தாங்கி நிற்கிறது. அவன் அரசன் அல்லன். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய மாடுபிடிச் சண்டையில் வீழ்ந்தவனின் பெயர் தெரிகிறது. நூறாண்டுகளுக்கு முன் கடல் கடந்து சென்று மாண்டவனின் பெயர் அவன் ஊர்க்கல்லில் தெரியவில்லை.

அவ்வூர்க்கற்கள் பல இன்றும் நிற்கின்றன. அவற்றில் எண்ணாக நிற்போரைக் குடும்ப நினைவுகளிலிருந்தும், பதக்கங்களிலிருந்தும், பழைய ஓய்வூதியத் தாள்களிலிருந்தும் பெயராக மீட்பது இன்னும் செய்ய இயலும் பணி. பாட்டனாரிடம் கேட்டதைச் சொல்லக்கூடிய கடைசித் தலைமுறை இருக்கும்போதே அது செய்யப்பட வேண்டும். நடுகல்லைப் பாடிய மரபில் வந்த புலவர்க்கு இதனினும் பொருத்தமான பணி வேறில்லை.