குழந்தை சொன்னா கோர்ட் நம்புமா?

"டாக்டர், பாப்பா சொல்றதைத் தவிர வேற சாட்சி இல்லை. கேஸ் நிக்குமா?"

போக்சோ வழக்குல குழந்தையைப் பரிசோதனைக்குக் கூட்டிட்டு வர்ற பெற்றோர் அரசு மருத்துவர்களான எங்ககிட்ட அடிக்கடி கேக்கிற கேள்வி இது.

நிக்கும். நம்ம நாட்டுச் சட்டப்படி 1872-லேர்ந்தே நிக்கும். ஆனா கோர்ட்டுகள் அதை மனசார ஏத்துக்க நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. அந்தக் கதைதான் இந்த இழை. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

1779, இங்கிலாந்து. ஏழு வயசுகூட ஆகாத சிறுமியைப் பாலியல் வன்கொடுமை செய்யும் நோக்கத்தோட தாக்கியதா பிரேசியர் என்பவர் மேல வழக்கு. சிறுமி சத்தியப் பிரமாணம் எடுத்து சாட்சி சொல்லல. வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட அவ சொன்னதை அம்மா கோர்ட்ல சொன்னாங்க. குற்றவாளின்னு தீர்ப்பு வந்துச்சு.

அப்படிக் கேட்டது சரியான்னு பன்னிரண்டு நீதிபதிகள் கூடி ஆராய்ந்தாங்க. சத்தியம் செய்யாத யாருடைய சாட்சியமும் செல்லாது, அதனால அம்மா சொன்னதும் செல்லாதுன்னு முடிவு. பிரேசியருக்கு மன்னிப்பு கிடைச்சது.

அதே தீர்ப்புல இன்னொன்னும் சொன்னாங்க. சாட்சி சொல்ல வயசு வரம்பு கிடையாது, ஏழு வயசுக்குக் கீழ இருந்தாலும் சத்தியத்தோட பொருள் புரிஞ்சா போதும். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா பொருள் புரியுதான்னு எப்படிப் பார்ப்பாங்க? பொய் சத்தியம் பண்ணா கடவுள் என்ன செய்வார்னு கேப்பாங்க. அடிபட்டு வந்த குழந்தைக்கு வேதபாடப் பரீட்சை! பின்னாடி சத்தியம் இல்லாத சாட்சியத்தையும் அங்க அனுமதிச்சாங்க, ஆனா வேறொரு ஆதாரம் கட்டாயம் வேணும்னு நிபந்தனை போட்டாங்க. அந்த நிபந்தனை போனது 1988-ல. பூட்டின அறைக்குள்ள நடக்கிற குற்றத்துக்கு வேற ஆதாரத்துக்கு எங்க போறது?

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். இந்தியச் சாட்சியச் சட்டம், 1872. எழுதினவர் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் என்ற ஆங்கிலேயர்தான். ஆனா பிரிவு 118-ல வயசும் இல்லை, கடவுளும் இல்லை. கேள்வி புரியணும், அதுக்குப் பொருத்தமா பதில் சொல்லத் தெரியணும், அவ்வளவுதான். ஒரு விஷயத்தை நிரூபிக்க இத்தனை சாட்சி வேணும்ங்கிற கணக்கும் கிடையாதுன்னு பிரிவு 134 சொல்லுச்சு. சொந்த நாட்டுக் குழந்தைகளுக்குக் கொடுக்காததை காலனி நாட்டுச் சட்டத்துல எழுதி வச்சுட்டார் மனுஷன். (இப்போதைய பாரதிய சாக்ஷிய அதினியத்துல பிரிவு 124-ம் இதேதான்.)

ஆனா சட்டப் புத்தகம் ஒண்ணு, கோர்ட் வழக்கம் இன்னொண்ணு.

ராஜஸ்தான்ல எட்டு வயசுச் சிறுமி. முதல் கோர்ட் தண்டிச்சது. மேல்முறையீட்டுல செஷன்ஸ் நீதிபதி, சிறுமி சொல்றதை மனசு நம்புது, ஆனா அதைத் தாங்கிப் பிடிக்க சட்டம் கேக்கிற ஆதாரம் இல்லைன்னு விடுதலை பண்ணிட்டார். உயர் நீதிமன்றம் அதை மாத்தினது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்துச்சு.

1951 டிசம்பர். நீதிபதி விவியன் போஸ் எழுதிய ராமேஷ்வர் வழக்குத் தீர்ப்பு. சத்தியம் வாங்காததால சிறுமியின் சாட்சியம் செல்லாமப் போகாது. வேற ஆதாரம் தேடுறது நீதிபதி மனசுல வச்சுக்க வேண்டிய எச்சரிக்கை மட்டும்தான், எல்லா வழக்கிலும் அது கட்டாயம் இல்லை. அப்புறம் முக்கியமான விஷயம்: சம்பவம் நடந்த சில மணி நேரத்துல சிறுமி அம்மாகிட்ட சொன்னாளே, அதுவே துணை ஆதாரம். 1779-ல தூக்கி எறிஞ்ச அதே அம்மாவின் வார்த்தை!

1983-ல நீதிபதி தக்கர், வேற ஆதாரம் இல்லைங்கிறதுக்காகவே பாதிக்கப்பட்டவளை நம்ப மறுக்கிறது காயத்தோட அவமானத்தையும் சேர்க்கிறதுன்னு கடுமையாவே சொன்னார்.

"குழந்தைக்குச் சொல்லிக் கொடுத்து பேச வைக்க முடியாதா?" முடியும். நியாயமான சந்தேகம்தான். அமெரிக்காவுல கலிஃபோர்னியாவுல ஒரு மழலையர் பள்ளி மேல 1983-ல எழுந்த புகார். விசாரிச்சவங்க குழந்தைகள்கிட்ட பதிலையே கேள்வியா வச்சுக் கேட்டாங்க. வழக்கு 1990 வரைக்கும் இழுத்து, ஒருத்தருக்கும் தண்டனை இல்லாம முடிஞ்சுது. குழந்தையின் சாட்சியத்தைக் கூடுதல் கவனத்தோட எடைபோடணும்னு நம்ம உச்ச நீதிமன்றமும் 1998-ல சொல்லியிருக்கு.

அதனால பெற்றோருக்கு ஒண்ணு. "அந்த மாமா இங்க தொட்டாரா?"ன்னு கேக்காதீங்க. "என்ன நடந்துச்சு, சொல்லு"ன்னு கேளுங்க. அவ வார்த்தையிலேயே சொல்லட்டும், அதை அப்படியே எழுதி வைங்க. சொந்தக்காரங்க ஒவ்வொருத்தர் முன்னாடியும் திரும்பத் திரும்ப சொல்ல வைக்காதீங்க. கோர்ட்ல அது குழந்தைக்கு எதிராத்தான் போகும்.

இனி எங்க துறை சங்கதி. "காயம் எதுவும் இல்லை"ன்னு மருத்துவச் சான்றிதழ்ல வந்தாலே கேஸ் போச்சுன்னு நிறைய பேர் நினைக்கிறீங்க. தப்பு. பாலியல் சீண்டலுக்கு ஆளான குழந்தைகள்ல பெரும்பாலானவங்களுக்குப் பரிசோதனையில எதுவும் தெரியாது. தொடுதல் தழும்பு விடாது, காயம் இருந்தாலும் அந்தப் பகுதி சில நாள்லயே ஆறிடும். காயம் இல்லைன்னா சம்பவம் நடக்கலைன்னு அர்த்தம் இல்லை. அந்த வரியையும் சேர்த்து எழுதறது டாக்டரோட கடமை. இரு விரல் பரிசோதனைங்கிற அசிங்கத்தைச் செய்றவங்க மேல நடத்தை விதிமீறல் நடவடிக்கைன்னு 2022-ல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு.

2012 போக்சோ சட்டத்துல கோர்ட் நடைமுறையே மாறிச்சு. வக்கீல் குழந்தைகிட்ட நேரடியா கேக்க முடியாது, நீதிபதி வழியாத்தான் கேக்கணும். நடுவுல இடைவேளை கொடுக்கணும். குற்றம் சாட்டப்பட்டவரை குழந்தை பாக்காத மாதிரி ஏற்பாடு இருக்கணும். வழக்கை கோர்ட் விசாரணைக்கு எடுத்த 30 நாளுக்குள்ள சாட்சியம் பதியணும்.

கடைசியா ஒரு வழக்கு. இதுவும் ராஜஸ்தான்தான். 1986-ல ஒரு சிறுமி ரத்தத்தோட மயங்கிக் கிடந்தா. கோர்ட்ல என்ன நடந்துச்சுன்னு கேட்டப்போ ஒரு வார்த்தை பேசல, கண்ணீர் மட்டும் வந்துச்சு. 1987-ல மருத்துவரோட சாட்சியத்தையும் மத்த சாட்சியங்களையும் வச்சு தண்டனை. குழந்தை எதுவும் சொல்லலையேன்னு 2013-ல உயர் நீதிமன்றம் விடுதலை. 2025 மார்ச்ல உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையைத் திரும்பக் கொண்டு வந்துச்சு. குழந்தையின் மௌனத்தைப் பெரியவங்களின் மௌனமா எடுத்துக்கக் கூடாது, அந்தக் கண்ணீரை அதற்குரிய மதிப்போட பாக்கணும், மொத்த வழக்கையும் அந்தச் சின்னத் தோள்ல ஏத்தக் கூடாதுன்னு சொன்னாங்க.

39 வருஷம். அந்தக் குழந்தைக்கு இப்போ நாப்பது வயசாவது ஆகியிருக்கும்.

குழந்தைகள் உதவி எண்: 1098. 24 மணி நேரமும் கூப்பிடலாம்.