பிஎச்.டி.க்குப் பின் ஆய்வுப் பணி: எங்கே தேடுவது?

பிஎச்.டி. முடித்த பிள்ளை "போஸ்ட்டாக் போகிறேன்" என்றால், "இன்னுமா படிப்பு?" என்று கேட்காத வீடு நம்மிடையே குறைவு. அது படிப்பல்ல. சம்பளத்தோடு, பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒப்பந்த அடிப்படையில் கிடைக்கும் ஆய்வு வேலை. பல்கலைக்கழகப் பணிக்குப் போக விரும்புவோருக்கு, குறிப்பாக அறிவியல் துறைகளில், இது ஏறக்குறைய கட்டாயமாகிவிட்டது.

தேடும் வழி துறைக்குத் துறை மாறும் என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. உயிரியல், வேதியியல் துறைகளில் பணம் பேராசிரியரின் திட்டத்தில் இருக்கும். அவருக்கு நேரடியாக மின்னஞ்சல் எழுதுவதே நல்ல வழி. "மதிப்பிற்குரிய ஐயா" என்று தொடங்கி நூறு பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினால் ஒருவரும் பதில் போடமாட்டார்கள். அவருடைய கட்டுரைகள் இரண்டைப் படித்துவிட்டு, அவர் ஆய்வுக்கு நம்மால் என்ன சேர்க்க முடியும் என்பதை அரைப் பக்கத்தில் எழுத வேண்டும்.

கணிதத்திற்கு மேத்ஜாப்ஸ், துகள் இயற்பியலுக்கு இன்ஸ்பயர், வானியலுக்கு அமெரிக்க வானியல் கழகத்தின் வேலைப் பதிவேடு ஆகிய தளங்கள் இருக்கின்றன. இந்தத் துறைகளில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை விண்ணப்பித்தால்தான் அடுத்த செப்டம்பர் வாக்கில் பணியில் சேரலாம். ஆய்வேட்டைச் சமர்ப்பித்த பிறகு தேடிக்கொள்ளலாம் என்று இருந்தால் ஓராண்டு வீணாகும். வரலாறு, இலக்கியம், இஸ்லாமிய ஆய்வு போன்றவற்றுக்கு எச்-நெட் தளத்தைப் பார்க்கலாம். அங்கே இடங்கள் குறைவு. பெரும்பாலும் சொந்த ஆய்வுத் திட்டத்தோடு போக வேண்டும். ஐரோப்பாவுக்கு யூராக்ஸஸ் எல்லாத் துறைகளுக்கும் பொதுவானது.

உதவித்தொகைகளில் ஜெர்மனியின் ஹம்போல்ட் எல்லாத் துறையினருக்கும் உரியது. முனைவர் பட்டம் பெற்று 4 ஆண்டுகளுக்குள் இருக்க வேண்டும். அங்குள்ள ஒரு பேராசிரியரின் சம்மதமும் வேண்டும். உடன் வரும் குடும்பத்தினருக்கும் உதவி உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி உதவித்தொகையில் ஒரு நிபந்தனை இருக்கிறது: போகவிருக்கும் நாட்டில் கடந்த 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல் வசித்திருக்கக் கூடாது. அமெரிக்காவுக்கு ஜே-1 விசாவில் செல்பவரின் துணைவர், அங்கே போனபின் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். மகளையும் மருமகனையும் சேர்த்து யோசிக்கும் குடும்பங்களுக்கு இது முக்கியம்.

இந்தியாவிலேயே இருக்க விரும்பினால், அறிவியல், பொறியியலுக்கு மத்திய அரசின் தேசிய முதுமுனைவர் உதவித்தொகை 2 ஆண்டுகளுக்குக் கிடைக்கும். சமூக அறிவியலுக்கு ஐசிஎஸ்எஸ்ஆர் தருகிறது. தேசிய உதவித்தொகைக்கு வயது வரம்பு 35. பெண்களுக்கும் ஓபிசி பிரிவினருக்கும் 5 ஆண்டுகள் தளர்வு உண்டு. நம் பிள்ளைகள் தடுக்கி விழுவது இங்கேதான். கையில் இருக்கும் மாநில அரசின் பிசிஎம் சான்றிதழ் மத்திய அரசு விண்ணப்பத்திற்குச் செல்லாது. தங்கள் பிரிவு மத்திய ஓபிசி பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து, மத்திய அரசு படிவத்தில் 'கிரீமிலேயர் அல்லாதவர்' என்ற ஓபிசி சான்றிதழைத் தாசில்தார் அலுவலகத்தில் தனியாக வாங்க வேண்டும். அறிவிப்பு வந்த பிறகு ஓடாமல், முன்கூட்டியே வாங்கி வைப்பது நல்லது.

இடம் வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்கும் முகவர்களிடம் போக வேண்டாம். உண்மையான போஸ்ட்டாக் பணிக்கு நாம் யாருக்கும் கமிஷன் தர வேண்டியதில்லை. பணி உறுதியானதும், சம்பளம் எவ்வளவு, ஒப்பந்தம் எத்தனை மாதம், நீட்டிப்பு உண்டா, மருத்துவக் காப்பீட்டில் குடும்பமும் சேருமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே டிக்கெட் எடுங்கள்.