ஓடுகிறவன் சாவியை எங்கே வைப்பான்?

கோபம் வந்தால் "முடிச்சவிழ்க்கி" என்று திட்டுகிறோம். அது ஒரு காலத்தில் உண்மையான தொழிலின் பெயர். வேட்டி முனையிலும் முந்தானையிலும் காசை முடிந்து வைத்த நாளில், அந்த முடிச்சைத் தெரியாமல் அவிழ்த்துக்கொண்டு போனவன் அவன். நான் பள்ளியில் படித்த பிரெஞ்சு மொழியில் அவனுடைய பங்காளிக்குக் 'கூப்பூர்ஸ்' என்று பெயர். அதாவது பையை வெட்டுகிறவன். ஐரோப்பியர்கள் பணப்பையைக் கயிற்றில் கோத்து இடுப்பில் தொங்கவிட்டிருந்தார்கள், அவன் கயிற்றை வெட்டினான். பிறகு உடுப்பிலேயே பை வந்தது, ஜேப்படிக்காரனும் வந்தான். திருடனின் பெயரை வைத்தே மனிதன் பொருளை எங்கே வைத்திருந்தான் என்று சொல்லிவிடலாம்.

இந்தக் கவலை மிகப் பழையது. 1991-இல் ஆஸ்திரியா, இத்தாலி எல்லையில் ஆல்ப்ஸ் பனிக்குள் ஒருவரின் உடல் கிடைத்தது. ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்கு முந்தியது. அவர் இடுப்பு வாரில் ஒரு தோல்பை. அதற்குள் சிறு கல் கருவிகள், ஓர் எலும்பு ஊசி, தீ மூட்ட உதவும் காளான். மலையேறும்போது இரண்டு கையும் காலியாக இருக்கவேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. இன்று ஓடுகிறவர்கள் இடுப்பில் கட்டும் மெல்லிய பட்டைக்கும் இதுதான் மூலயோசனை.

ஒவ்வொரு நாட்டாரும் ஒரு வழி கண்டார்கள். உரோமானியரின் மேலாடையில் பை கிடையாது. சிறு பெட்டிச் சாவியை மோதிரமாகவே செய்து விரலில் போட்டுக்கொண்டார்கள். ஜப்பானியரின் கிமோனோவிலும் பை தைப்பதில்லை. சிறு பெட்டியைக் கயிற்றில் கட்டி இடுப்புக் கச்சையில் தொங்கவிட்டு, கயிறு நழுவாமலிருக்க 'நெட்சுகே' என்ற செதுக்கிய குமிழை மேலே மாட்டினார்கள். ஸ்காட்லாந்துக்காரர் தம் பாவாடைக்கு முன்னால் தோல்பை கட்டினார். நம் பாட்டிமார்கள் சாவிக்கொத்தைக் கொக்கி போட்டு இடுப்பில் செருகிக்கொண்டார்கள். என் பாட்டியின் கொத்து அவர் தூங்கும்போதும் இடுப்பை விட்டு இறங்காது. அது யார் கைக்குப் போகிறதோ அவர்தான் அந்த வீட்டின் அதிகாரி.

'பாக்கெட்' என்ற சொல்லும் ஆங்கிலேயருக்குப் பிரெஞ்சு நார்மானியரிடமிருந்து போனதுதான். 'சிறு பை' என்று பொருள். 17-ஆம் நூற்றாண்டில் ஆண்களின் உடுப்பில் பையைச் சேர்த்தே தைக்கும் வழக்கம் பரவியது. பெண்களுக்கு அப்படி நடக்கவில்லை. அவர்கள் தனிப் பைகளை நாடாவில் கோத்துப் பாவாடைக்கு உள்ளே கட்டிக்கொண்டார்கள். பாவாடையிலிருந்த பிளவு வழியாகக் கையை விட்டு எடுப்பார்கள். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மெல்லிய, உடம்போடு ஒட்டிய கவுன்கள் நாகரிகமானபோது உள்ளே பைக்கு இடமில்லாமல் போனது. அதற்குப் பதிலாகக் கையில் பிடிக்கும் 'ரெத்திகுல்' வந்தது. அவ்வளவு சிறிய பையைப் பார்த்தவர்கள் அதை 'ரிதிகுல்', கேலிக்குரியது, என்று பெயர் மாற்றிச் சிரித்தார்கள். கேலி போய்விட்டது, வழக்கம் நின்றுவிட்டது. பெண்ணின் ஒரு கை அன்றிலிருந்து பைக்குச் சேவகம் செய்கிறது.

பந்தயத்தில் ஓடுகிறவனுக்கு இந்தத் தொல்லை இல்லை. 1960-இல் உரோமாபுரி ஒலிம்பிக் மாரத்தானில் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா வெறுங்காலோடு ஓடி வென்றார். வீட்டைப் பூட்டிவிட்டு வந்தோமா என்ற கவலை அவருக்கு எதற்கு? தொல்லை வந்தது சாதாரண மனிதர்கள் ஓடத் தொடங்கியபோது. நியூசிலாந்தில் ஆர்தர் லிடியார்டு நடுத்தர வயதினரை மெல்லோட்டம் ஓடவைத்தார். அமெரிக்காவிலிருந்து போய் அதைப் பார்த்த பயிற்சியாளர் பில் பவர்மேன் ஊர் திரும்பி மற்றவர்களுக்குச் சொன்னார், மெல்லோட்டம் பரவியது. தனியாகக் கதவைப் பூட்டிக்கொண்டு ஓடப் போகிறவனுக்குச் சாவி வைக்க இடம் வேண்டும். அரைக்கால்சட்டைக்குள் சாவிக்கென்று ஒரு குட்டிப் பை வந்தது. 1979-இல் வாக்மேன் வந்தது, பிறகு கைப்பேசி. சுமை கூடியது, பை அப்படியே இருக்கிறது.

எங்கள் காலைநடைக் குழுவில் ஒருவர் ஒருநாள் மயங்கி விழுந்தார். பையில்லாத உடுப்பு, கைப்பேசியை வீட்டில் விட்டு வந்திருந்தார். டீக்கடைக்காரருக்கு அவருடைய மகனைத் தெரிந்திருந்ததால் தகவல் போய்ச் சேர்ந்தது. வேறு தெருவில் விழுந்திருந்தால்? வயதானவர்களுக்கு இது வசதி பற்றிய பேச்சு மட்டுமல்ல.

பழைய ஆட்களின் வழிகளில் ஒரே விதி தெரிகிறது: தொங்கவிடாதே, இறுக்கிச் செருகு. ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் உடம்பு எழும்பி இறங்குகிறது. தளர்வான பொருள் ஒரு கணம் பிந்தி இறங்கி உடம்பில் மோதும். அதனால் கனமான பொருளுக்கு இடுப்புத்தான் இடம், அதிலும் முதுகுப்பக்கம் நல்லது. கொத்து முழுதும் வேண்டாம், வாசல் சாவி ஒன்றைக் கழற்றித் துணியில் சுற்றிக்கொள்ளுங்கள். சத்தமும் வராது, கைப்பேசிக் கண்ணாடியிலும் கீறல் விழாது. வியர்வைக்கு ஒரு பிளாஸ்டிக் உறை. கைப்பேசியைக் கையில் பிடித்து ஓடாதீர்கள். தடுக்கினால் ஊன்றக் கை வேண்டும். பூட்டிய கைப்பேசியை அடுத்தவரால் திறக்க முடியாது. ஆகவே பெயர், வீட்டு எண், இரத்த வகை எழுதிய சீட்டு ஒன்றும் கூட இருக்கட்டும்.

இன்னொன்று. வீட்டுப் பெண்களுக்குச் சுடிதார் தைக்கக் கொடுக்கும்போது, இரண்டு பக்கமும் ஆழமாகப் பை வைக்கச் சொல்லுங்கள். தையற்காரர் "பெண்களுக்கு எதற்கு சார்?" என்று கேட்டால், இருநூறு வருஷமாக இதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, அளவைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.